கலங்கரை விளக்கத்தின் விலை

— உன்னை யாருடா எழிலா, அத்தினி பசங்க முன்னாடி மேடையேறி ஆடிக் காட்டறேன்னு சொல்லச் சொன்னது?

— நானேதான் சொன்னேன். இன்னாக்கா இப்ப? நம்ப கேமை எறக்கி ஆடிட்டு, "கம்ப்யூட்டர் கள்ளாட்டம் ஆடுது, செஞ்சவனாலயே ஜெயிக்க முடியாது"ன்னு எழுதறான் சிதம்பரத்துல ஒரு காலேஜ் பையன். சும்மா இருக்கணுமா? உங்க காலேஜுக்கே வந்து ஜெயிச்சுக் காட்டறேன்னு பதில் போட்டேன். பஸ்ஸும் ஏறியாச்சு.

— அவன் எழுதனதுல இன்னா தப்பு? கலங்கரை விளக்கம் கட்ட ஆடறவனுக்கு அறுநூறு கல்லு, கம்ப்யூட்டருக்கு முந்நூறு. மொதல்ல கட்டறவனுக்கு எதிரி படகு அத்தினியும் தெரிஞ்சிடும். அதோட ஆட்டம் முடிஞ்சுது.

— கம்ப்யூட்டருக்கு மூளை கெடையாதுக்கா. குவாரியில கல்லு வெட்ட வெட்ட எதையாவது வாங்கித் தொலைக்கும். பாதி வெலை குடுத்தாத்தான் நம்மகிட்ட மல்லுக்கு நிக்கும். சமமா வச்சா தேவனாம்பட்டினத்துல புள்ளைங்க கட்டற மணல் வீடுதான். காலால தட்டிட்டுப் போயிடுவானுங்க.

— அப்ப கம்ப்யூட்டருக்கு ஐநூறு வையி. புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள மாத்தி ஏத்திடறேன். அவுங்க கம்ப்யூட்டர்லயும் மாறிடும்.

— ஒரு கல்லு ஏத்தக் கூடாது. இந்த வெலையெல்லாம் ஆடி ஆடிப் பாத்து வச்சவன் நான். நீ புரோகிராம் எழுதற, நல்லா எழுதற, ஒத்துக்கறேன். ஆட்டம் எனக்குத்தான் தெரியும். அறுநூறு வச்சு எத்தினி தடவ ஜெயிச்சேன், பக்கத்துல ஒக்காந்து நீ பாக்கல?

— பாத்தேன்.

— தோத்தேனா?

— தோக்கல.

— அப்ப வாய மூடிக்கினு வா. ஆடத் தெரியாதவன்லாம் வெலை ஜாஸ்தி, வெலை ஜாஸ்திம்பான். மாமா கேரம்ல தோத்தா போர்டு கோணலும்பாரே, அந்த மாதிரி.

— ஒங்க மாமாவ இதுல இழுக்காத. சரி, ஆடு. ஒன் லேப்டாப்புலயே ஆடு.

— மாட்டேன். அவுங்க கம்ப்யூட்டரு, அவுங்க எறக்கின கேமு. அப்பத்தான் எவனும் பேச மாட்டான்.

— எழிலு, வீம்பு பண்ணாத.

— வீம்பா? வேலைய வுட்டுட்டு இந்த கேமை நம்பி ஒக்காந்திருக்கேன். ஒரு ஸ்டாரு, ஒரு ஸ்டாருன்னு போட்டுக் கொல்றானுங்க. இன்னிக்கி ஜெயிச்சாத்தான் இனிமே ஒருத்தனாவது எறக்குவான். தோத்தா, நானும் கேமும் ஒண்ணா காலி.

— கத்தாத. கண்டக்டர் திரும்பிப் பாக்கறாரு.

— பாக்கட்டும். என்மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்.

— கேளு மொதல்ல. ஆரம்பத்துல வரிசையா தோத்தியே. கேமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு, ரெண்டு நாளு சோறு கூட திங்காம சொவத்தப் பாத்துப் படுத்துக்கினியே.

— அப்ப ஆடத் தெரியல. எழுந்து வந்து கத்துக்கினேன். அதுக்கப்புறம் ஒரு ஆட்டம் வுட்டிருக்கேனா?

— வுடல. நீ படுத்திருந்தப்பதான் ஒன் லேப்டாப்புல மட்டும், ஒன் குவாரியில ஒண்ணுக்கு ரெண்டா கல்லு வர்ற மாதிரி மாத்தி வச்சேன். கம்ப்யூட்டருக்கு இருக்கற அதே பாதி வெலைதான்டா ஒனக்கும். முழு வெலையில நீ இன்னும் ஒரு ஆட்டம் கூட ஜெயிச்சதில்ல.