யார் கட்டுப் போடுவது

"என் புருசன் பாதத்தை நான் நேத்துத்தான் பாத்தேன்" என்று முன் இருக்கை அம்மாள் சொன்னதும், மைசூர் சிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த நான் திரும்பினேன். அம்மாளின் பக்கத்தில் இருந்த பெண், சர்க்கரை நோயுள்ள அவர் கணவரைக் கவனிக்க வருபவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவள் மடியில் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கிய பை.

"தூங்குறப்ப போர்வை விலகுச்சு. புண்ணு எப்ப வந்துச்சு மஞ்சுளா?"

"போன மாசம்க்கா. செருப்பு உரசினது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ஆறிட்டு வருது."

"நான் கிட்டப் போனா 'பேடா, பேடா, வேணாம்'னு காலை இழுத்துக்கிறார். நீ வந்தா ராஜா மாதிரி நீட்டுறார். முப்பது வருசமா சோறு போடுறவ நான்."

"நீங்க பாத்தா அழுவீங்கன்னு சொன்னார்க்கா."

"அதையும் உங்கிட்டதான் சொல்லியிருக்கார். அதான் எனக்கு எரியுது."

மஞ்சுளா பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நீங்களே கட்டுப் போடுங்க. சொல்லித் தரேன். தினமும் விரலிடுக்கையும் பாக்கணும். காயம் பட்டாலும் அவருக்கு வலி தெரியாது."

"அழுதுட்டேன்னா?"

"அழுதுக்கிட்டே கட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. அம்மாள் எழுந்து, பையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"பக்கத்துல வேணாம். நீ சமையல்கட்டுல இரு. நான் கூப்பிட்டா மட்டும் வா."