கரியப்பன் ஓட்டாத வண்டி

காளைகளை நான் ஒருநாளும் சாட்டையால் அடித்தது கிடையாது, ஏட்டையா. குருபரப்பள்ளியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பறக்கும். அந்த ஜோடியை ஐந்து வருஷம் நானே தீனி வைத்து வளர்த்தேன்.

நேற்று கரியப்பன் சிறையில் இறந்துபோன தகவலோடு வந்தீர்கள். இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். சாகும் முன்னால் அவன் வார்டரிடம், அந்த ரேக்ளா வண்டியைத் தான் ஓட்டவில்லை என்று சொன்னானாம். அவன் சொன்னது சரிதான். ஓட்டியவன் நான்.

ஐம்பத்து நான்காம் வருஷம், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலை. பெரிய ரோட்டில் பந்தயம் விடக்கூடாது என்று தண்டோரா போட்டிருந்தார்கள். ஆனால் சூளகிரி வெங்கடப்பன் முந்தின வருஷம் என்னை ஜெயித்துவிட்டு, சந்தைக்குச் சந்தை அதையே பேசிக்கொண்டு திரிந்தான். மனுஷன் எவ்வளவு நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பான்?

ஊர் எல்லைப் புளியமரத்துக்கு இரண்டு பர்லாங்கு இருக்கும்போது என் வண்டி முந்திவிட்டது. ரோட்டோரம் சென்னம்மா போய்க்கொண்டிருந்தாள். கரியப்பனுடைய ஒரே மகள், பத்தொன்பது வயது. கரியப்பன் குடும்பமே எங்கள் பண்ணையில்தான் வேலை. என் மாடுகளுக்குத்தான் புல் அறுத்துச் சுமந்துகொண்டு போனாள். எதிர்க்காற்று. பின்னால் வருகிற வண்டிச் சத்தம் அவள் காதில் விழவில்லை. எனக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள்.

வலப்பக்கம் வெங்கடப்பன் ஒட்டிக்கொண்டு வந்தான். இடப்பக்கம் ஒதுக்கினால் பள்ளம், மாட்டுக்குக் கால் போயிருக்கும். கயிற்றை இழுத்து நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்தினால் அவன் போய்விடுவான். பதற்றத்தில் நடந்தது என்று நீங்கள் எழுத வேண்டாம். யோசித்துத்தான் நேரே விட்டேன்.

புளியமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டாள். அந்த நேரம் கிருஷ்ணகிரி பஸ் வந்தது. டிரைவர் இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன் என்றான். ஆஸ்பத்திரியில் யார் வண்டி, யார் ஓட்டியது என்று அவளைக் கேட்பார்கள். நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லி பஸ்ஸை அனுப்பிவிட்டேன். காளைகளோ நுரை தள்ளிக்கொண்டு நின்றன. வாயில்லாத ஜீவன்கள், இளைப்பாற வேண்டாமா? மறுபடி வண்டி பூட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவளும் போய்விட்டாள்.

வெங்கடப்பன் வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் அவனும் உள்ளே போக வேண்டும். ஆனாலும் போலீசுக்கு ஓர் ஆள் வேண்டுமே. கரியப்பனைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னேன். எனக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அவனுக்கு இருந்த ஒருத்தியும் போய்விட்டாள், இனிமேல் அவன் இழப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் குடிசை என் நிலத்தில் இருப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது அவனுக்கே தெரியும்.

சரி என்று தலையாட்டினான். பிறகு, "மாரிகிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லிடுங்க சாமி. மத்தவங்க என்னா நெனச்சாலும் போவுது" என்றான்.

மாரி என்றால் மாரம்மா, அவன் பெண்சாதி. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கோர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு, தான்தான் ஓட்டியதாகச் சொன்னான். பெற்ற மகள்மேலேயே வண்டியை ஏற்றியவன் என்று மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம். இரண்டு வருஷம் கடுங்காவல் போட்டார்.

மாரம்மாவும் அதை அப்படியே நம்பினாள். விடுதலையாகி வருகிற ஆட்களிடம் அவன் மூன்று தடவை சொல்லி அனுப்பினான், ஒரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்று. மூன்று தடவையும் அவள் என் மாட்டுக்கொட்டகையில்தான் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "எம் பொண்ணைக் கொன்ன ஆளு மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினாள். நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஊரெல்லாம் போய்ச் சொல்லுவாள். அதோடு, ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருந்தவள் இல்லை. அவள் மனதை எதற்குக் கலைப்பது?

நேற்று நீங்கள் போனபிறகு அவளைக் கூப்பிட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. கரியப்பன் இறந்துபோனான் என்றேன். வண்டி ஓட்டியது அவன் இல்லை, நான் என்றேன். பஸ்ஸைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்போ, அவரு வரச்சொல்லி ஆள் அனுப்புனப்போ நான் போயிருக்கலாமா சாமி?" என்று கேட்டாள்.

போயிருக்கலாம் என்றேன்.

கூடையை அங்கேயே விட்டுவிட்டாள். பிறகு இறங்கி நடந்தாள். இன்று வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன், குடிசை திறந்து கிடக்கிறதாம். சானமாவுக் காட்டுப் பக்கம் ஒரு பொம்பளை போனதாகச் சொல்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. வண்டியை ஏற்றியது நான்தான். அந்தப் பெண்ணைச் சாகவிட்டதும், பெற்றவனைப் பொய் சொல்ல வைத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்று தடவை கூப்பிட்டும் போகாமல் இருந்தது மாரம்மா. அதையும் என் தலையில் வைப்பது நியாயமில்லை.