வரப்பில் தின்ற சோறு

எழுபதுகளில் ஒருநாள், மன்னவனூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மதினி, நேத்து பெரிய வீட்டம்மா என் பூண்டுல களையெடுத்தாங்க."

"கனாக் கண்டியாடி? அவங்ககிட்டயிருந்து சர்க்கார் எடுத்து ஒனக்குக் குடுத்த நெலம்டி அது!"

"சத்தியமா. ஆள் கெடைக்கல. உங்க தோட்டத்துக்கு நான் ஒருநாள் வாறேன், எனக்கு நீங்க ஒருநாள் வாங்கன்னு கேலிக்குச் சொன்னேன். விடிய வந்து நிக்கிறாங்க!"

"மத்தியானச் சோறு தோட்டக்காரிதானே போடணும்?"

"அதான் பயம். நம்ம கைச்சோத்த அவங்க தொடலேன்னா, அத்தன பேருக்கு முன்னால என் மூஞ்சி என்னாகும்?"

"தின்னாங்களா?"

"வரப்புல எங்களோட ஒக்காந்து தின்னாங்க. கொழம்பு காரம்னு வஞ்சுட்டு, இன்னும் ஊத்துன்னாங்க."

மதினி வாயில் கை வைத்தாள். "நமக்குச் சிரட்டையில தண்ணி ஊத்துன அம்மாவா!"

பெரிய வீட்டம்மா என்றால் அந்த ஊரில் என் அக்காதான். அந்த நிலத்தை மீட்க வழக்குப் போட, அக்காவிடம் கையெழுத்து வாங்கத்தான் நான் பழனியிலிருந்து போய்க்கொண்டிருந்தேன். இத்தனையும் கேட்ட பிறகும் போய்ப் பேனாவை நீட்டினேன்.

"அங்க சோறு தின்னுட்டேன்டா" என்று அக்கா பேனாவை மூடித் திருப்பித் தந்தாள்.