வராதவர் பட்டியலைத் தேடிப் போனவர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த அம்மையாரின் கணவரே, மகளே, அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் குடும்ப அட்டைதாரர்களே, உட்கார நாற்காலி இல்லாமல் சுவரோரம் நிற்கும் என் அலுவலகத் தோழர்களே, எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூடத்தான் ஆகும். பொறுத்தருள வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், நம் உணவு உதவித் துறையின் கண்காணிப்பு அலுவலர் அம்மையார் அவர்களை, யார் மனமும் நோகாமல் பழகியவர் என்று புகழ்ந்தார்கள். மன்னிக்க வேண்டும், அது வேறு யாரையோ பற்றிய பேச்சு. என் மனம் பலமுறை நொந்திருக்கிறது. இயக்குநர் ஐயாவின் மனமும் நொந்திருக்கிறது, பெருந்தன்மையோடு மறைக்கிறார். கூட்டம் முடியப் போகும். எல்லோரும் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருப்போம். தேநீர்த் தட்டு வாசல்வரை வந்துவிட்டிருக்கும். அப்போதுதான் மேசையின் கோடியிலிருந்து, "ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு நிமிடம் முக்கால் மணி நேரம் ஓடும். தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். அதனால்தான் அவருக்கு 'ஒருநிமிஷம் மேடம்' என்று பேர் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, பேர் வைத்தது யார் என்று தனக்குத் தெரியும் என்றும், பொருத்தமாகவே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். வைத்தது நான்தான்.

இருபத்தாறு ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தார். கடை ஆய்வாளராகச் சேர்ந்தார். ஆய்வாளர் என்றால் எப்படி வருவார்? வண்டியில் வருவார், கடைக்காரர் நாற்காலி போடுவார், பதிவேட்டைப் பார்ப்பார், போவார். அம்மையார் அப்படி வந்ததில்லை. பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். தன் முறை வரும்வரை நிற்பார். எடைத்தட்டில் என்ன விழுகிறது, பையில் என்ன விழுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுவார். அவர் மகள் என்னிடம் சொன்னது இது: "மத்த அம்மாங்க லீவு நாள்ல பிள்ளைங்களைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. எங்கம்மா ரேஷன் வரிசைக்குக் கூட்டிட்டுப் போவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

இதே அரங்கில், இதோ இந்தச் சுவரில் திரை கட்டி, இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தோம். அதுவரை ஏழைக் குடும்பங்கள் மாதத்தின் முதல் பதினைந்து நாளில் எந்த நாளும் கடைக்கு வந்து அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் வாங்கிப் போகலாம். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி போகும். இன்ன நாள், இன்ன மணி. அந்த மணிக்கு வந்தால் பொருள் உண்டு. தவறினால் அந்த மாதம் இல்லை. வரிசை ஒழியும் என்றோம். கைதட்டினோம்.

நம் துறைக்கு ஒரு விதி இருக்கிறது. நடைமுறையில் எந்த மாற்றம் செய்தாலும், முப்பது நாள் முன்னதாகக் கண்காணிப்புப் பிரிவின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஊருக்குள் போய்ப் பார்த்து, யாருக்குப் பாதகம் என்று எழுதித் தந்த பிறகே அமலாக்க வேண்டும். இந்த ஏற்பாடு அவர்கள் பார்வைக்குப் போனதா? போகவில்லை. ஏன் போகவில்லை? கோப்பின் தலைப்பில் 'நடைமுறை மாற்றம்' என்று எழுதவில்லை, 'சேவை மேம்பாடு' என்று எழுதினோம். மாற்றம் என்று எழுதினால் விதி வரும். மேம்பாடு என்று எழுதினால் மாலை வரும். மாலைதான் வந்தது.

மூன்றாம் மாத அறிக்கையில் ஒரு புதிய கட்டம் முளைத்தது. 'வராதவர்கள்' என்று அதற்குத் தலைப்பு. நாலாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள். தேவையில்லாதவர்கள் தாமாகவே விலகிக்கொண்டார்கள், திட்டம் சீராகிவிட்டது என்று ஒரு வரி விளக்கமும் இருந்தது. கூட்டத்தில் அதை வாசித்து முடித்ததும் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. எங்களில் ஒருவர், வராதவர்களைத் தேடிக்கொண்டு போவது நம் வேலையில்லை என்றார். அம்மையார் குரலை உயர்த்தவில்லை.

"வரலைன்னு எழுதினது நாமதானே சார்? அப்ப ஏன் வரலைன்னு கேக்க வேண்டியதும் நாமதான்."

நாங்கள் காகிதங்களை அடுக்கினோம். தேநீர் வந்துவிட்டது.

அவர் அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போனார். விடுமுறை நாள்களிலும், அலுவலகம் விட்ட பிறகும் வீடு வீடாகப் போனார். அவர் கணவர் இருசக்கர வண்டியை ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து முகவரி கேட்டுக்கொண்டே போவாராம். ஐந்து மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதில் தேவையில்லை என்று விலகிக்கொண்ட வீடுகள் எத்தனை தெரியுமா? ஒன்பது. மிச்சம் முந்நூற்று மூன்று வீடுகளிலும் அடுப்புக்கு அரிசி வேண்டித்தான் இருந்தது.

ஒரு வீட்டில் ஒரு தையல் தொழிலாளி. அவருக்குக் குறுஞ்செய்தி ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. மூன்று மாதமும் வந்திருக்கிறது. அந்தப் பெண் சொன்னது அம்மையார் பின்னர் எழுதிய அறிக்கையில் அப்படியே இருக்கிறது: "பதினோரு மணிக்கு வான்னு வருது மேடம். பதினோரு மணிக்கு நான் மெஷின்ல இருப்பேன். மெஷினை விட்டுட்டு அரிசி வாங்க வந்தா, திரும்பிப் போறப்ப மெஷின்ல வேற ஆள் உக்காந்திருக்கும்."

இன்னொரு வீட்டில் தனியாக வாழும் ஒரு முதியவர். ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி. அவர் அட்டையில் பதிவான எண் மகனுடையது. அப்பனுக்கும் மகனுக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. எண்ணை மாற்றித் தருகிறோம், அதுவரை மகனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அம்மையார் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், "அவன்கிட்டப் போயி நிக்கறதுக்கு, பசியே தேவலைம்மா" என்றாராம். எண்ணை மாற்ற மனுக் கொடுத்தார்கள். மாற்றி முடிக்க நமக்கு நான்கு மாதம் ஆனது. நான்கு மாதம் ஒரு மனிதன் எதைச் சாப்பிட்டான் என்று நாம் யாராவது கேட்டோமா? பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டவர் அம்மையார் ஒருவர்தான்.

எல்லாவற்றையும் எழுதினார். முப்பத்தொரு பக்கம். அலங்காரமாக ஒரு சொல் இல்லை. குறுஞ்செய்தி முறையை எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. தவறியவர்கள் மாதக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்ள ஐந்து நாள் விடுங்கள் என்றார். இனி எந்தப் பேரில் வந்தாலும் மாற்றம் மாற்றம்தான், முதலில் கண்காணிப்புக்கு அனுப்புங்கள் என்றார். இரண்டே கோரிக்கை.

அந்த அறிக்கை இயக்ககத்தில் யார் மேசைக்கு வந்தது? துணை இயக்குநர் மேசைக்கு. அதாவது என் மேசைக்கு. படித்தேன். இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. மூன்றாம் நாள் ஓரத்தில் ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பினேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது.' அந்தச் சொல்லை எழுதினால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொன்ன பழியும் இல்லை. இருபது ஆண்டு உத்தியோகம் எனக்குக் கற்றுக் கொடுத்த சொல் அது. அவர் மறுபடி அனுப்பினார், புதிய வீடுகளைச் சேர்த்து. மறுபடி எழுதினேன். பதினான்கு மாதத்தில் ஏழு முறை வந்தது. ஏழு முறையும் அதே சொல், அதே பேனா.

ஏழாவது முறைக்குப் பிறகு அவரைக் கீழ்த்தளப் பதிவறைக்கு மாற்றினார்கள். நிர்வாக வசதி கருதி என்று உத்தரவில் இருந்தது. யாருடைய வசதி என்று உத்தரவில் இல்லை. அந்த அறை உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் கீழ் அடுக்குக் கோப்புகளை மேலே தூக்கி வைக்க வேண்டும். பூனையைப் பால் அறையில் பூட்டியது மாதிரி ஆயிற்று. பதினோரு ஆண்டுக் கோப்புகளையும் அங்கே உட்கார்ந்து புரட்டினார். அத்தனை ஆண்டுகளில் நாம் செய்த நடைமுறை மாற்றங்கள் பத்தொன்பது. கண்காணிப்புக்குப் போனவை நான்கு. மற்ற பதினைந்தும் மேம்பாடு, எளிமையாக்கம், சீரமைப்பு என்று வேறு வேறு பேரில் பின்வாசல் வழியாகப் போயிருந்தன. அந்தக் கணக்கை அவர் சட்டமன்றக் குழுவுக்கு முறைப்படி எழுதி அனுப்பினார். குழு அவரை நேரில் வந்து சாட்சியம் சொல்ல அழைத்தது.

அழைப்பு வந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுக்கொண்டிருந்தன. நோயை எவ்வளவு நாளாகத் தள்ளிப் போட்டார் என்று அவர் கணவருக்குத்தான் தெரியும். எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழுவின் முன்னால் தனக்குப் பதிலாக நான் போக வேண்டும் என்றார்.

"நானா மேடம்? அதை ஓரங்கட்டினவனே நான்தானே."

"அதான் உங்களைக் கேக்கறேன் சார். ஏழு தடவையும் முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் பக்கந்தோறும் போட்டிருந்த ஓர அடையாளங்களைப் பார்த்தாலே தெரியுமாம்; படிக்காதவன் முதல் பக்கத்தில்தான் கிறுக்குவானாம்.

போனேன். குழுவின் உறுப்பினர் ஒருவர், வயதில் என் மகள் போன்றவர், அறிக்கையைப் படித்தீர்களா என்று கேட்டார். படித்தேன் என்றேன். ஏழு முறையுமா என்றார். ஏழு முறையும் என்றேன்.

"படிச்சிட்டு என்ன செஞ்சீங்க?"

"குறித்துக்கொள்ளப்பட்டதுன்னு எழுதினேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அந்த உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டில் நான் வாங்கிய தண்டனை அது ஒன்றுதான், அதுவும் போதாது.

அம்மையார் போய்ச் சேர்ந்தது குழு கூடி ஒன்பதாம் நாள். அதற்கு நான்கு நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. மாதக் கடைசியில் ஐந்து நாள், தவறியவர்கள் எந்த நேரமும் வரலாம். சென்ற மாதக் கடைசியில், கடைசி வரிசையில் இருக்கும் அந்தத் தையல் தொழிலாளி வேலை விட்டு வந்து, மாலை ஆறரை மணிக்குப் பொருள் வாங்கினார். மகிழ்ச்சிதான். ஆனால் சுற்றறிக்கையின் முதல் வரி என்ன? 'துறையின் தொடர் முயற்சியின் பயனாக.' எந்தத் துறை? யாருடைய முயற்சி? முயன்றவரைப் பாதாள அறையில் வைத்தது எந்தத் துறை? இரண்டாவது கோரிக்கை, மாற்றத்தை முன்கூட்டிக் கண்காணிப்புக்கு அனுப்புவது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண்காணிப்பு அலுவலர் பணியிடம் அவர் மாற்றப்பட்ட நாளிலிருந்து காலி. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறதாம். ஆக, அரை வெற்றி. அதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஐயா. இந்த மாலைகளைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது.

அம்மையாரின் கணவரே, மகளே, உங்களிடம் ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் வீட்டு விடுமுறை நாள்களை நாங்கள் தின்றிருக்கிறோம். அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்த ஒலிவாங்கி முன்னால் நிற்கிறேன்.

என் தோழர்களே, உங்களுக்கு ஒரு சேதி. சென்ற திங்களன்று என் மேசைக்கு ஒரு புதிய கோப்பு வந்திருக்கிறது. பதினோரு சிறு கடைகளை மூடிவிட்டு, நகரத்துக்கு வெளியே பெரிய கிடங்கு ஒன்றில் ஒரே கடையாக்கும் திட்டம். தலைப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டுமா? மூன்று வாரத்தில் அமல். அந்தப் பதினோரு தெருக்களிலிருந்தும் அந்தக் கிடங்குக்கு நேர்ப் பேருந்து கிடையாது. நான் வரைபடத்தை வைத்துப் பார்த்துவிட்டேன்.

இயக்குநர் ஐயா, உங்களை இந்த மேடையில் சங்கடப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணமில்லை. காலியாக இருக்கும் கண்காணிப்பு அலுவலர் இடத்துக்கு ஆள் போடுங்கள். அதுவரை விதிப்படி செய்ய வேண்டிய ஆய்வை நாங்களே செய்கிறோம். ஆறு ஆய்வாளர்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள். நாளையிலிருந்து பதினோரு கடைகளுக்கும் போகிறோம், அட்டை வைத்திருக்கும் வீடுகளுக்குப் போகிறோம், கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறோம். அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். தொடர்வது என்றால் இதுதான். இன்னும் ஆறு பேர் வந்தால் ஒரு வாரத்தில் முடியும்.

எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என்னை எந்த அறைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் நான் அந்த மேசையில் இருக்கும்வரை, அந்த வீடுகளைக் கேட்காமல் அந்தக் கோப்பு மேசையைத் தாண்டாது.