ஆம்ப்ரோஸ் பிரபுவின் நடுங்கிய கால்கள்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, கடற்சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஸ்கெல்னெஸ் ஊர்ப் பெருமக்களே!

என் அண்ணன், ஏழாம் ஸ்கெல்னெஸ் பிரபு, ஆம்ப்ரோஸ் மறைந்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பட்டம் எனக்கு வந்துவிட்டது. ஒழுகும் மாளிகை வந்துவிட்டது. லண்டன் பிரபுக்கள் சபையில் அவர் இடமும் வந்துவிட்டது. என்னை யார் கேட்டார்கள்? மாடு வளர்த்துக்கொண்டிருந்தவன் நான்! எனக்குப் பயமாக இருக்கிறது, பெருமக்களே. ஒளிப்பானேன்? என் கைக்காகிதம் ஆடுவது பின்வரிசைக்கே தெரியும்.

அண்ணனும் பயந்தவர்தான். சபையில் எழுந்தாலே கால் நடுங்கும். முன்பெஞ்சின் சாய்மானத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். நம் சுவரைப் பழுதுபார்ப்பது வீண் செலவு, கடல் வந்தால் வரட்டும் என்று மந்திரி சொன்ன அன்று, அண்ணன் எழுந்து, "பிரபுக்களே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். சபை சிரித்தது. உட்கார்ந்தாரா? இல்லை! சுவரோர வீடுகளில் யார் யார் உறங்குகிறார்கள் என்று, கைக்குழந்தை வரை பெயர் சொன்னார். சிரிப்பு நின்றது. சுவரும் நின்றது!

ஊர் திரும்பியவரை மீன் வறுவல் கடை ஹில்டா விட்டாளா?

"என்ன பிரபு, கால் ஆடுச்சாமே! பேப்பர்ல போட்டிருக்கான். உங்களுக்கே ஆடுச்சுன்னா எங்க கதி?"

"ஆடத்தான் செஞ்சுது ஹில்டா. ஆடாத காலெல்லாம் லண்டன்ல இருக்கு. அதுல ஈரமே பட்டதில்ல."

"அப்ப நல்லா ஆடட்டும். இந்தாங்க, சூடா மீனைத் தின்னுங்க, தெம்பா ஆடலாம்!"

அன்று தோற்ற, சுவரைக் கைவிடும் அதே மசோதா மறுபடி வந்திருக்கிறது. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. அண்ணனை அடக்கம் செய்த இடத்திலேயே கட்சிக் கொறடா என் முழங்கையைப் பிடித்தார். "புதுசா வர்றீங்க. பேசாம உட்கார்ந்து பழகுங்க. அதுதான் உங்களுக்கு நல்லது." இப்போதும் அலை சுவரில் மோதுவது கேட்கிறதே, அதைவிட அந்த மெல்லிய குரலுக்கு நான் நடுங்கினேன்.

அண்ணா! உங்கள் பணியைத் தொடர்வேன். எழுந்து நின்று, பயமாக இருக்கிறது என்றே தொடங்குவேன். ஆனால் பெருமக்களே, இந்த உறுதியை என்னை நம்பி விட்டுவிடாதீர்கள். வியாழக்கிழமை லண்டனுக்கு வாருங்கள். ஹில்டா, நீயும் கடையைச் சாத்திவிட்டு வா. பார்வையாளர் மாடத்தில் பேசக்கூடாது, பேச வேண்டாம். என்னையே பார்த்துக்கொண்டிருங்கள். அந்தச் சபையைவிட உங்களுக்கு நான் அதிகம் பயப்பட வேண்டும்.