பிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். பார்க்க வேண்டியது பிரிட்ஜை. கம்பிகள் வந்து முடிகிற அந்த உலோகத் தகட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அழுத்தினால் சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ட்ரெமலோ என்பது அதுதான். திரும்பாத கிட்டார் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஸார். பெயர் நாராயண், ஊர் பாலக்காட்டுக் கல்பாத்தி. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், திருவிழா சீசனில் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ட்ரூப்பில் லீட் கிட்டார் நான்தான். சின்னக்கானலில் டீ ஃபேக்டரி வேலையிலிருந்த சோலை மூன்று வருஷம் முன்பு எங்களோடு சேர்ந்தான். வாசித்துக்கொண்டே பாடுவான். அடுத்த சீசனிலிருந்து முன்னே நின்று வாசிக்கிற லீட் அவன், பின்னே தாளத்துக்குத் தட்டுகிற ரிதம் நான் என்று இந்த வருஷம் முடிவானது. முன்னே முளைத்த காதைவிடப் பின்னே முளைத்த கொம்புதான் பலம் என்று கேலி பேசினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வயிறு எரிந்தது. அது பொறாமைதான், வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

சோலைக்குச் சொந்தமாக ஒரு கிட்டார் தேவைப்பட்டது. பீர்மேட்டில் ஜோபி என்பவர் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து விற்பதாகத் தெரிந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். "நீங்க பாத்துச் சொன்னாத்தாண்ணே வாங்குவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

கைப்பிடியைப் பத்துத் தடவை அழுத்தி விட்டேன். சுருதி மயிரிழையும் பிசகவில்லை. பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிங்குகளில் துரு இல்லை. அவற்றோடு பற்றவைத்த ஒயரும் உறுதியாக இருந்தது. அந்த ஒயர் வழியாகத்தான் கம்பிகள் ஆம்ப்போடு சேர்கின்றன. ஆம்ப் நன்றாக இருந்தால் அது நல்லது. ஆம்ப்பில் கரண்ட் கசிந்தால் அது நேராகக் கம்பிக்கு வந்துவிடும்.

வந்தது. சிமெண்டுத் தரையில் நின்று கம்பியைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்றது. சோலை கட்டிலில் சம்மணம் போட்டு வாசித்துப் பார்த்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜோபிக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

"பிரிட்ஜ் எப்பிடிண்ணே?" என்று சோலை கேட்டான்.

"பிரிட்ஜில ஒரு கொறையும் இல்லை. எடுத்துக்கோ."

அதில் பொய் எதுவும் கிடையாது. ஆம்ப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை. திரும்பும்போது ஜீப்பில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். குமுளிவரை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சீசனில் என்னென்ன வாசிக்கப் போகிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் சொல்லவில்லை.

அந்த சீசனில் எங்கள் கடைசி நிகழ்ச்சி சின்னக்கானல் மாரியம்மன் திருவிழா. எனக்குக் காய்ச்சல், நீயே உன் கிட்டாரிலும் ஆம்ப்பிலும் லீட் வாசித்துவிடு என்று அவனிடம் சொன்னேன். காய்ச்சலெல்லாம் இல்லை. இரண்டாவது பாட்டுக்குக் கிட்டாரை எடுத்து, கம்பியில் விரல் வைத்ததும் விழுந்தானாம். மற்றதெல்லாம் நீங்கள் எழுதிய போலீஸ் மகஸரில் இருக்கிறது.

பதினாறாம் நாள் எஸ்டேட்டில் அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அழகுத்தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைக்குக் கூட நின்னு பாத்து வாங்கிக் குடுத்தீகளே சாமி. ஒங்களத்தான் அவன் அண்ணன் அண்ணன்னு கெடந்தான்" என்றாள். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். நான் பாவி, ஸார்.

நீங்கள் கூப்பிடாமலே இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். சொல்லாமல் விட்டது மட்டும்தான் என் தப்பு என்று இரண்டு மாதமாக நம்பிப் பார்த்தேன். ஆனால் திருவிழா அன்று சாயங்காலம் அவன் எனக்குப் போன் செய்தான்.

"மழை பேஞ்சு மேடையெல்லாம் ஈரமாக் கெடக்குண்ணே. கோயில் வாசல்னாலும் ஷூ போட்டுக்கிட்டே வாசிக்கட்டா?"

ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவனைக் கரண்ட் உயிரோடு விடாது. அது எனக்குத் தெரியும்.

"அம்மன் சந்நிதியாக்கும், சோலை. ஷூவைக் கழட்டிட்டு ஏறு" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.