குதிரை பேசிய வாரம்

— அந்த இடத்துலதான் நீ கவனிக்கணும். குதிரை வாயைத் திறக்கவே இல்ல, கேட்டியா. வாய் மூடினது மூடினபடி இருக்கு. ஆனா பேசுது.

— எந்தக் குதிரை அத்தை?

— எந்தக் குதிரையா? நேத்துல இருந்து ஆளாளுக்கு அதைத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க. கருக்கல். ‘சாம்பல் வாசல்’ல வர்ற கருக்கல். அந்தக் கால்சட்டையை இப்படிக் குடு. உன்னைத் தையலைப் பிரிக்கச் சொன்னா துணியையே பிரிச்சிடுவ போலிருக்கு.

— அது... உங்க போன்ல வாராவாரம் பாப்பீங்களே, அந்தப் படக்கதையா?

— அதேதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வரும். உனக்கு எங்க அதெல்லாம் தெரியப்போகுது, பாவம். நாள் பூரா உள்ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல எழுத்துக் கோத்துக்கிட்டு இருக்க. மருந்துச் சீட்டுக்கு எழுத்து, உர மூட்டைக்கு எழுத்து. மனுஷங்க ஆசையாப் படிக்கிற மாதிரி ஒரு வேலை குடுக்க மாட்டாங்களா உனக்கு?

— குதிரை என்ன பேசுச்சு அத்தை?

— ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் புரியும். ஒரு கோட்டை. அதுக்கு ஒரே வாசல். பாட்டன் காலத்துல இருந்து மூடியே கிடக்கு. வெளிய இருந்து யாராலயும் திறக்க முடியாது, உள்ள இருந்துதான் திறக்கணும். போன வாரம் ராத்திரியோட ராத்திரியா யாரோ திறந்துட்டாங்க. எதிரிப் படை உள்ள வந்துடுச்சு. யாரு திறந்தது? அதான் கேள்வி. இந்த வாரம் ராணியோட தங்கச்சி கையில விளக்கோட லாயத்துக்கு வர்றா. ‘யார் இந்தப் பாவத்தைப் பண்ணினது’ன்னு கேக்குறா. உடனே ஒரு குரல்: ‘நான்தான் திறந்தேன். எனக்கு வேற வழி தெரியலை.’ அங்க கருக்கல்தான் நிக்குது.

— தளபதி சொல்லியிருப்பாரு அத்தை. பின்னாடி இருட்டுல நிக்கிறாரே.

— நான் தளபதின்னு ஒருத்தர் இருக்கார்னே இன்னும் சொல்லலையே.

— அது வந்து... கோட்டைன்னா ஒரு தளபதி இருப்பாருல்ல அத்தை.

— இருப்பாரு. ஆனா இருட்டுல பின்னாடிதான் நிப்பாருன்னு எந்தச் சட்டம் சொல்லுது? சரி விடு. பேசுறவங்க தலைக்கு மேல வசனம் எழுதின ஒரு குமிழி இருக்கும், பாத்திருக்கியா? அதுல இருந்து கூரா ஒரு வால் இறங்கும். யாரு வாய்ப் பக்கம் வால் போகுதோ, அவங்கதான் பேசுறாங்கன்னு அர்த்தம். இந்தா, நீயே பாரு. நூல் டப்பா மேல சாத்தி வெச்சிருக்கேன் பாரு போனை. வால் எங்க போகுது?

— இருங்க, பெருசு பண்ணிப் பாக்குறேன்.

— எங்க போகுது, சொல்லு.

— குதிரை வாய்க்கு.

— அப்புறம் என்ன? ஏன் உன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? காலையில ஏதாவது சாப்பிட்டியா இல்லையா?

— சாப்பிட்டேன் அத்தை. இதை... நிறையப் பேரு பாத்திருப்பாங்களா?

— நல்லாக் கேட்டியே. எங்க வாசகர் குழுவுல நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரே அமளி. நான் ஒரு விளக்கம் பேசி அனுப்பினேன். ஊசிமுனைங்கிற பேர்ல. அங்க என் பேர் அதான், கேட்டியா. அது என்ன விளக்கம்னா, கருக்கல் குதிரையே இல்ல. ராணிக்கு ஒரு அக்கா இருந்தா, சின்ன வயசுல ஆத்தோட போயிட்டான்னு ரெண்டாவது வாரமே ஒரு வரி வரும். எல்லாரும் மறந்துட்டாங்க, நான் மறக்கல. அந்த அக்காதான் கருக்கல். ஆதாரம் வேணுமா? ஒண்ணு, அது தண்ணி குடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கும். தன் நிழலைப் பாக்கப் பயம். ரெண்டு, எந்தப் படத்துல பாத்தாலும் வாசலைப் பாத்துத்தான் நிக்கும். மூணு, இதான் முக்கியம். இத்தனை வாரத்துல அது ஒரு தடவையாவது கனைச்சிருக்கா? உலகத்துல கனைக்காத குதிரை உண்டா?

— எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?

— ஒருத்தரைத் தவிர. கண்ணாடிக்காரர்னு ஒருத்தர். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்காராம். அவர் சொல்றாரு, இது அர்த்தமும் இல்ல ஆட்டுக்குட்டியும் இல்ல, எழுத்துப் போடுறவங்க தூக்கத்துல வாலை மாத்தி வெச்சிட்டாங்கன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சும்மா விடுவேனா? ‘சாம்பல் வாசல்ல வேலை செய்யுறவங்க உம்ம மாதிரி ஆளில்லை. அதை எழுதுறவர் மனசுல கடைசிப் படம் வரைக்கும் முதல் நாளே இருக்கு. அவர் ஒரு புள்ளி வெச்சாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் சொன்னது தப்புன்னா உம்ம கடை முழுக்கத் திரைச்சீலை நானே சும்மா தைச்சுத் தரேன்’னு சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

— பந்தயமா கட்டினீங்க?

— பந்தயம் இல்ல, நம்பிக்கை. ஏண்டி, உக்காரு. எதுக்கு இப்ப எழுந்து நிக்கிற?

— அத்தை, நான் ஒண்ணு சொல்லணும். கத்திரியைக் கீழ வைங்க.

— வெச்சாச்சு. என்ன, விசேஷமா?

— அதெல்லாம் இல்ல. அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னது நிஜம்.

— அவரை உனக்கு எப்படித் தெரியும்?

— அவரைத் தெரியாது. எழுத்துப் போடுறவளைத் தெரியும். நான்தான் அது.

— எது?

— மருந்துச் சீட்டு, உர மூட்டையெல்லாம் முன்னாடி பண்ணினது. இப்ப ஒரு வருஷமா சாம்பல் வாசலுக்குத்தான் எழுத்துப் போடுறேன். படம் மட்டும் வரும், வசனம் தனியா வரும். குமிழி போட்டு, வால் வெச்சு, எழுத்தை உள்ள உக்கார வைக்கிறது என் வேலை. வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன், அதான் சொல்லல.

— இரு. இரு. அப்படின்னா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் போனை வெச்சுக்கிட்டுத் தவிச்சப்ப, உனக்கு முன்னாடியே தெரியும்.

— தெரியும்.

— கதையில அந்தப் படகோட்டி செத்தப்ப நான் இதே இடத்துல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு அழுதேனே. நீ பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்த.

— நான் அதுக்கு முந்தின வாரமே அழுது முடிச்சிட்டேன் அத்தை.

— நல்லா இருக்குடி கதை. வீட்டுக்குள்ள கிணறு, நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சிருக்கேன். அவனுக்குத் தெரியுமா?

— உங்க பையனுக்கா? தெரியும்.

— அதானே பாத்தேன். அன்னிக்கு ‘எதுக்கும்மா படகோட்டிக்குப் போய் அழற, விடு’ன்னு பெரிய மனுஷன் மாதிரி முதுகுல தட்டிட்டுப் போனான். வரட்டும் சாயங்காலம். சோறு உண்டான்னு பாத்துக்கட்டும்.

— அவரைத் திட்டாதீங்க. நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்.

— சரி, அந்த வால். அதைச் சொல்லு.

— அது வந்து, முதல்ல வந்த படத்துல குதிரை தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. பின்னாடி இருக்குற தளபதி முகம் நல்லாத் தெரிஞ்சுது. நான் குமிழி வெச்சு முடிச்சிட்டேன். அப்புறம் படம் வரையறவர் திருத்தின படம் அனுப்பினாரு. அதுல குதிரை தலையை நிமித்திக்கிச்சு. நான் பழைய குமிழியை அப்படியே தூக்கிப் புதுப் படத்து மேல வெச்சு அனுப்பிட்டேன். தளபதி வாய் இருந்த இடத்துல இப்ப குதிரை வாய்.

— அப்போ அது தளபதி வசனம்.

— ஆமா அத்தை.

— ஐயையோ, சொல்லாத. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாத. கதையை எங்கிட்ட உடைச்ச, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்.

— அதுக்கு மேல எனக்கே தெரியாது. வழக்கமா அடுத்த வாரத்துப் படம் இந்நேரம் வந்திருக்கும். இந்தத் தடவை இன்னும் வரல. எனக்குப் பயமா இருக்கு. இந்தத் தப்பைப் பாத்துட்டு வேலையை வேற யாருக்கோ குடுத்துட்டாங்களோன்னு.

— ஒரு வாலுக்காகவா?

— முன்னாடி ஒரு தடவை ரெண்டு குமிழியை இடம் மாத்தி வெச்சிட்டேன். எழுதுறவர் அப்பவே, ‘இனிமே கவனமா இருங்க’ன்னு சொன்னாரு. அவர் நல்லவர்தான். ஆனா ரெண்டாவது தடவைன்னா யாரும் யோசிப்பாங்கல்ல? எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு அத்தை. உர மூட்டைக்குத் திரும்பப் போக என்னால முடியாது.

— இடம் மாத்தி வெச்சியா? எப்போ? ராணிக்கு முடி சூட்டுறப்ப, சபை நடுவுல, அவ ‘உப்பு பத்தலை’ன்னு சொன்னாளே, அதுவா?

— அது சமையல்காரர் சொல்லவேண்டியது.

— அட பாவி மகளே. அதுக்கு நாங்க ரெண்டு நாள் அர்த்தம் கண்டுபிடிச்சோம். ‘உப்புன்னா விசுவாசம், சபையில ஒருத்தன் துரோகின்னு ராணி ஜாடையாச் சொல்றா’ன்னு நான்தான் சொன்னேன். மறுநாள் வசனம் மாறினதும், துரோகிக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு மறைச்சிட்டாங்கன்னு அதுக்கும் ஒரு விளக்கம் குடுத்தேன்.

— கேட்டேன் அத்தை. சமையலறையில நின்னுக்கிட்டுக் கேட்டேன். சிரிக்கவும் முடியல, அழவும் முடியல.

— அப்போ கருக்கல் கனைக்காதது?

— படத்துல அது தலையைச் சுத்தி எழுத்து வைக்க இடமே இருக்காது. நான்தான் ‘கனைக்கிற சத்தம் வேண்டாமே’ன்னு கேட்டேன். சரின்னாங்க.

— அதையும் கெடுத்தியா. தண்ணி குடிக்கிறப்ப கண்ணை மூடுறது?

— அது எனக்குத் தெரியாது. அது படம் வரையறவர் பண்றது.

— அப்பாடா. அதாவது மிஞ்சிச்சு. சரி, இப்ப என்ன பண்ணப் போற?

— நானே எழுதுறவருக்குச் சொல்லிடலாம்னு பாக்குறேன். திருத்தின படத்தையும் கையோட அனுப்பிட்டா கொஞ்சம் கோபம் குறையும்.

— திருத்தினா?

— வால் தளபதிகிட்ட போயிடும்.

— என் கருக்கல் ஊமையாயிடும்.

— ஆமா.

— நீ சும்மா இருந்தா? அவர் பாக்கலன்னு வெச்சுக்கோ. குதிரைதான் பேசட்டுமே, அதனால யாருக்கு என்ன நஷ்டம்? என் விளக்கத்துல என்ன குறை? ராணிக்கு அக்கா கிடைச்ச மாதிரியும் ஆச்சு, உன் தப்பு மறைஞ்ச மாதிரியும் ஆச்சு.

— அடுத்த வாரம் தளபதியை விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனா?

— உடைக்காதன்னேன்ல.

— எனக்குத் தெரியாது அத்தை, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். கதை வேற பக்கம் போச்சுன்னா அப்போ எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. தப்பு இன்னும் பெருசாத் தெரியும்.

— தெரியும்டி. எனக்கு மட்டும் தெரியாதா? கை மாத்தி வெச்ச சட்டையை, வாங்குறவங்க போட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்னு நான் மடிச்சுக் குடுக்குறது இல்லையே. நாமதான் முதல்ல சொல்லணும். வயிறுதான் எரியுது. அனுப்பு.

— திரைச்சீலை?

— தைப்போம். நீ பிரிக்கிற லட்சணத்துக்கு உன்கிட்ட குடுக்க முடியாது, நானே தைப்பேன். அந்த ஆள் கடை இருட்டா இருக்குற மாதிரி நல்ல தடிச்ச துணியா எடுத்துத் தைக்கிறேன். நீ எழுது. என்ன எழுதுற, வாய்விட்டுப் படி.

— ‘ஐயா, வணக்கம். இந்த வாரம் லாயத்துப் படத்துல வால் தவறி குதிரைக்குப் போயிருக்கு. திருத்தின படம் வந்தப்ப பழைய குமிழியை மாத்தாம விட்டது என்னோட தப்பு. சரி பண்ணின படத்தை இதோட அனுப்பியிருக்கேன்.’ போதுமா?

— ‘மன்னிக்கணும்’னு ஒரு வார்த்தை போடு. ரெண்டு வேண்டாம், ரெண்டு போட்டா நடிப்பு மாதிரி இருக்கும்.

— போட்டுட்டேன். அனுப்பிட்டேன்.

— சரி, முகத்தைத் தொங்கப் போடாத. போனா போகட்டும், வேலைதானே. அந்தக் கொக்கி டப்பாவை எடு. இந்தப் பாவாடையை முடிச்சிட்டு டீ போடுறேன்.

— உங்களுக்கு என் மேல கோபம் இல்லையா?

— இருக்கு. ஆனா ஒரு சந்தோஷமும் இருக்கு, கேட்டியா. நான் இத்தனை நாளா விரல் வெச்சு வெச்சுப் படிச்ச எழுத்தெல்லாம் என் மருமக எழுத்து. போன மாசம்கூட மாமாகிட்ட சொன்னேன், ‘இதுல எழுத்து எவ்வளவு லட்சணமா உக்காந்திருக்கு பாருங்க’ன்னு.

— நிஜமாவா?

— நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கருக்கல் வாசலைத் திறந்துச்சுன்னு குழுவுல சொன்னேனே தவிர, ஏன் திறந்துச்சுன்னு சொல்லல. அடுத்த வாரம் சொல்லி எல்லாரையும் அசத்தலாம்னு வெச்சிருந்தேன்.

— ஏன் திறந்துச்சு? எங்கிட்டயாவது சொல்லுங்க.

— இப்ப எதுக்கு? அது தளபதின்னு ஆயிப்போச்சு. தைக்காத துணிக்குப் பொத்தான் எதுக்கு?

— பரவால்ல, சொல்லுங்க.

— அழகான காரணம், கேட்டியா. நான் யோசிச்சப்ப அடுப்புல பால் பொங்கினதுகூடத் தெரியல. படகோட்டி சாகுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. அவ்வளவுதான் சொல்வேன். உன் போன் அடிக்குது பாரு.

— அவர்தான் அத்தை.

— அதுக்குள்ளயா? சரி, தைரியமா எடுத்துப் படி. திட்டினா எங்கிட்ட குடு, நான் பேசிக்கிறேன்.

— ‘அம்மா, திருத்த வேண்டாம். அந்தப் படம் அப்படியே இருக்கட்டும்.’

— இருக்கட்டுமா? அப்படின்னா அவர் முதல்லயே குதிரைன்னுதான் நினைச்சிருக்காரு. நான் சொன்னேன்ல? முதல் நாளே எல்லாம் அவர் மனசுல இருக்குன்னு. அந்தக் கண்ணாடிக்காரரை இப்பவே கூப்பிடு.

— இருங்க, இன்னும் இருக்கு. ‘அடுத்த வாரத்துப் படம் ஏன் வரலைன்னு யோசிச்சிருப்பீங்க. தளபதியை வெச்சு மேல எப்படிக் கொண்டு போறதுன்னு தெரியாம சும்மா உக்காந்திருந்தேன். நேத்து வாசகர் குழுவுல ஊசிமுனைன்னு ஒருத்தங்க பேசினதைக் கேட்டேன்...’

— போதும், நிறுத்து. மேல படிக்காத. கதையைச் சொல்லிடுவாரு.

— சொல்லல அத்தை. கேக்குறாரு. குதிரை எதுக்காக வாசலைத் திறந்துச்சுன்னு அவங்களுக்காவது தெரியுமாம்மா, விசாரிச்சுச் சொல்ல முடியுமான்னு.